அடுத்த வீட்டு முட்டை

"அந்தம்மா மட்டும் ஏம்ப்பா மூஞ்சியைச் சுளிக்கலை?"

சிவபாக்கியம் சின்னப்பிள்ளையாக இருந்தபோது கேட்ட கேள்வி. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் பஸ்ஸில், ஒரு வளைவு திரும்பும்போது, பிள்ளை குடலே வெளியே வந்துவிடுகிற மாதிரி வாந்தி எடுத்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தார்கள். பெற்ற தகப்பன் சேனாதிபதிக்கே முகம் கோணிப்போயிற்று. முன்பின் தெரியாத ஒரு பெண் மட்டும் எழுந்து வந்து, தன் முந்தானையாலேயே பிள்ளையின் வாயையும் கழுத்தையும் துடைத்தாள், உட்காரும் பலகையையும் துடைத்தாள். உப்பு நாரத்தங்காய்த் துண்டு ஒன்றைப் பிள்ளை கையில் வைத்துவிட்டுப் பெருமாள்மலையில் இறங்கிப் போய்விட்டாள். இடது புருவத்தின் மேல் பழைய தீத்தழும்பு. பேர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

பத்து வருஷம் ஆகிவிட்டது. பழனியில் ஹெட் கான்ஸ்டபிளாக இருந்து ஓய்வு பெற்று, இப்போது தனியாகத் துப்பு விசாரிக்கும் சேனாதிபதி, ஊரில் எத்தனையோ கேள்விகளுக்கு விடை கண்டுபிடித்திருக்கிறார். மகள் கேட்டதற்கு மட்டும் இன்னும் பதில் சொன்னபாடில்லை.

இந்த ஐப்பசியில் அதே மலையில் மறுபடியும் ஏறினார். கொடைக்கானல் பஜாரில் காய்கறி வியாபாரம் செய்யும் இப்ராம்சா பழனிக்கே வந்து அழுதிருந்தார். அவருடைய அக்கா ஹமீதுன்னிசா, துரை ஒருவரிடம் சமையல் வேலை பார்க்கிறவள், துரைக்கு விஷம் வைத்ததாகச் சொல்லிப் போலீஸ் அவளைப் பிடித்துக்கொண்டதாம்.

கூடவே மச்சினன் ஞானவேலும் வந்தான். மனைவியின் தம்பி. துப்பறிவதில் பாதி உதவி, வாயடிப்பதில் முழு உதவி.

போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நான்கு கான்ஸ்டபிள்கள் தூறலில் நனைந்துகொண்டு நின்றார்கள். உள்ளே போக ஒருவருக்கும் மனசில்லை.

"என்ன மச்சான், ஸ்டேஷனையே யாரும் ஜப்தி பண்ணிட்டாகளா?" என்றான் ஞானவேல்.

இரண்டு படி ஏறியதும் காரணம் புரிந்தது. செத்த எலியும் நனைந்த சாக்கும் ஒரு வாரம் போட்ட காலுறையும் ஒன்றாக ஊறிய மாதிரி ஒரு நாற்றம் முகத்தில் அறைந்தது. சப் இன்ஸ்பெக்டர் கைக்குட்டையை மூக்கில் கட்டியபடி மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். மேஜையில் சாக்குத்துணியின் மேல் அம்மிக்குழவி கனத்தில் வட்டமாக ஒரு வஸ்து. பச்சையும் சாம்பலுமாய்ப் பூசணம், பூனை முடி மாதிரி நிமிர்ந்து நின்றது. ஓரத்தில் பிசுபிசுவென்று ஆரஞ்சு நிறத்தில் என்னமோ கசிந்தது.

சேனாதிபதி துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"தடயம், ஏட்டய்யா," என்றார் சப் இன்ஸ்பெக்டர். "துரை வீட்டு நிலவறையில இது மாதிரி வரிசையா அடுக்கி வச்சிருக்கா. இதைத் தின்னா யாரு பிழைப்பா?"

"பக்கத்துல நின்னாலே பிழைக்கிறது கஷ்டம்ங்க ஐயா," என்றான் ஞானவேல்.

கேஸைச் சுருக்கமாகச் சொன்னார். எஸ்தேபான் துரைக்கு ஸ்பெயின் தேசம். நம் மலைப் பாசிகளை ஆராய வந்தவர்; அவர் ஊரில் உள்நாட்டுச் சண்டை மூண்டுவிட்டதால் திரும்பிப் போக வழியில்லாமல் ஏரிக்கு மேலே ஒரு பங்களாவில் தங்கிவிட்டார். வியாழக்கிழமை இரவு சூப்பும் ரொட்டியுமாகச் சாப்பிட ஆரம்பித்ததும் என்னவோ ஒரு வார்த்தை சொன்னார். ஒரு மணி நேரத்தில் வாந்தி. ஆஸ்பத்திரியில் இன்னும் நினைவு திரும்பவில்லை.

"என்ன வார்த்தைங்க?"

"அஹேனோன்னாராம். அந்தப் பொம்பளையே சொல்றா. விஷம்னுதான் அர்த்தமா இருக்கணும்."

"ஐயாவுக்கு ஸ்பானிஷ் வருமுங்களா?" என்று ஞானவேல் பணிவாகக் கேட்டான்.

சப் இன்ஸ்பெக்டர் அவனை முறைத்தார். "நாளைக்கு வெள்ளனே முதல் பஸ்ல இவளை மதுரைக்கு அனுப்புறேன். துரை செத்துட்டார்னா கொலைக்கேஸ். தூக்குதான்."

அப்போது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. நெற்றி நிறைய விபூதியும் கையில் தூக்குவாளியுமாக ஒருவர் வந்தார். பஜாரில் துரைமாருக்குச் சீமைச் சாமான் விற்கும் ஆயில்மேன் ஸ்டோர் முதலாளி திருமலைச்சாமி. புகார் எழுதிக்கொடுத்தவரே அவர்தான்.

"நல்ல மனுசரு, ஏட்டய்யா. நம்மளை நம்பி வந்தவரு. ஆஸ்பத்திரிக்கு நாந்தான் தினம் கஞ்சி கொண்டுபோறேன்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு பொட்டலத்தைப் பிரித்தார். "மழைக்குச் சூடா வடை. வீட்ல போட்டது. எடுத்துக்கங்க."

"எனக்குக் கந்த சஷ்டி விரதம்ங்க," என்றார் சேனாதிபதி.

"அவர் விரதத்துக்கு என்னால ஆன உதவி," என்று ஞானவேல் நான்கு வடையை எடுத்துக்கொண்டான். அந்த நாற்றத்திலும் அவனால் தின்ன முடிந்ததை சப் இன்ஸ்பெக்டர் வியந்து பார்த்தார்.

லாக்கப் பின்கட்டில் இருந்தது. பக்கத்து அறையில் ஒரு குடிகாரன் கம்பிக்கு வெளியே வாந்தி எடுத்துவிட்டுத் தரையில் கிடந்தான். கான்ஸ்டபிள் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, தோட்டிக்கு ஆள் அனுப்பியிருப்பதாகச் சொன்னார். ஆனால் கம்பிக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு, முந்தானையைத் தண்ணீரில் நனைத்து, எட்டுகிற வரைக்கும் அந்தத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தது.

"பாவம், மூஞ்சி அதிலேயே கெடக்குண்ணே," என்றாள் அவள், தலை நிமிர்ந்து.

இடது புருவத்தின் மேல் தீத்தழும்பு.

சேனாதிபதி இன்னும் ஒரு எட்டுக் கிட்டே போய்ப் பார்த்தார். பஸ்ஸில் வந்த அதே பெண்தான். அவளுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. தெரிந்திருக்க நியாயமும் இல்லை. வழியில் யார் பிள்ளைக்கெல்லாம் துடைத்துவிட்டாளோ.

"மச்சான், என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீக?"

"ஒண்ணுமில்லை மாப்ளே." ஹமீதுன்னிசா பக்கம் திரும்பிக் கேட்டார். "ஏம்மா, துரைகிட்ட எத்தனை வருஷமா இருக்கே?"

"குறிஞ்சி பூத்த வருசத்துலருந்துண்ணே. ராப்பகலா அந்த மனுசருக்குப் பொங்கிப் போட்டேன். நான் விஷம் வப்பேனா?" உடனே வேறு கவலை வந்துவிட்டது. "பால்கட்டியை நாலு நாளா யாரும் கழுவலை. துரை எந்திரிச்சு வந்தாக் கேப்பாரு."

"எது, மேஜை மேல இருக்கே, அந்த முடி முளைச்ச சனியனா?" என்றான் ஞானவேல்.

"அவுக ஊர்ப் பண்டம் தம்பி. பாலைத் திரைய வச்சு, அழுத்தி, மாசக்கணக்காப் பழுக்க வைக்கணும். தினம் உப்புத்தண்ணியில துணியை நனைச்சு, பிள்ளைக்குத் தொடைச்சு விடுற மாதிரி தொடைச்சுத் திருப்பி வைக்கணும். இல்லேன்னா புழு வச்சிரும். மொத நாளு பார்த்துட்டு நானும் அஸ்கெரோசோன்னுதான் சொன்னேன்."

"அப்படின்னா?"

அவள் முகத்தில் அந்த நிலையிலும் லேசாக ஒரு சிரிப்பு வந்தது. துரைக்கு முப்பது நாற்பது தமிழ் வார்த்தைதான் தெரியும். அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தார். புதிதாக எதைக் கண்டாலும், எதைத் தின்றாலும், அதற்கு அவர் ஊர் வார்த்தை ஒன்றைப் பொறுக்கிச் சொல்வார். யோசித்து, நிறுத்திச் சொல்வார். அதைக் கேட்காமல் அவளும் கதவைவிட்டு நகரமாட்டாள்.

"தண்ணித் தொட்டியில எலி செத்துக் கெடந்தப்ப அஸ்கெரோசோன்னாரு. அட்டை கடிச்சப்பவும் அதேதான். அதனால பால்கட்டியைப் பார்த்து நானும் அதைச் சொன்னேன். இல்லேன்னு தலையை ஆட்டிட்டு, எஸ்த்ரானியோ, எஸ்த்ரானியோன்னாரு. பலாப்பழம் வெட்டினப்ப அதைத்தான் சொன்னாரு. கேப்பைக்களிக்கும் அதுதான்."

"கண்டறியாததுக்கு ஒரு வார்த்தை, அசிங்கத்துக்கு ஒரு வார்த்தை," என்றார் சேனாதிபதி மெல்ல. "நாமெல்லாம் இரண்டுக்கும் ஒரே மூஞ்சியைத்தான் காட்டுறோம்."

"குறிஞ்சி பூத்ததுக்கும் ஆலங்கட்டி மழைக்கும் ராரோன்னாருண்ணே."

"எப்பவாவது வர்றது. சரி, அஹேனோவை எப்பெப்பச் சொன்னாரு? நல்லா யோசிச்சுச் சொல்லு."

அவள் கம்பியைப் பிடித்தபடி யோசித்தாள். "வண்ணான் ஒருக்கா டாக்டர் துரை சட்டையைத் தவறுதலாக் கொண்டாந்து போட்டான். அதைப் போட்டுப் பார்த்துட்டுச் சொன்னாரு."

"சட்டை பெருசோ? பெருசுன்னு அர்த்தம்," என்றான் ஞானவேல்.

"இல்ல தம்பி, கச்சிதமா இருந்துச்சு. அப்புறம் மாதா கோயிலுக்குப் போயிட்டு வர்றப்ப ஒரு குடையைத் தூக்கிட்டு வந்துட்டாரு. வாசல்ல நின்னு அதைப் பார்த்துட்டு அஹேனோன்னு தலையில அடிச்சுக்கிட்டாரு."

"அப்போ கறுப்பு."

"சட்டை வெள்ளைடா," என்றார் சேனாதிபதி. "வேற?"

"அடுத்த பங்களாக் கோழி நம்ம விறகுக்கொட்டகையில முட்டை வச்சிருந்துச்சு. பொரிச்சுத் தரவான்னு கேட்டேன். அஹேனோன்னு சொல்லி, அந்த ஒத்த முட்டையைக் கைக்குட்டையில சுத்தி, மழையில நடந்துபோய்க் குடுத்துட்டு வந்தாரு."

சேனாதிபதி கண்ணை மூடிக்கொண்டார். சட்டை. குடை. முட்டை. எதுவும் கெட்டதல்ல, எதுவும் புதியதும் அல்ல. அப்புறம் சிரித்தார்.

"அடுத்தவங்க பொருள், மாப்ளே. நம்முடையது இல்லை. அதுதான் அர்த்தம். ஏம்மா, வியாழக்கிழமை எதைத் தின்னுட்டு அதைச் சொன்னாரு? சூப்பையா?"

"சூப்பு அப்புறம்தாண்ணே. மொதல்ல ரொட்டியை அவுக ஊரு ஆலிவ் எண்ணெயில தொட்டு வாயில வச்சாரு. என்னையப் பார்த்து அஹேனோன்னாரு. சிரிச்சாரு. அப்புறம் பூராத்தையும் தின்னாரு."

"பிடிக்காததை எதுக்கு முழுசாத் தின்னாரு?" என்று ஞானவேல் கேட்டான்.

"அங்கதான் அந்த மனுசரோட குணம் இருக்கு," என்றார் சேனாதிபதி. "ருசி மாறியிருக்கு. நம்ம வீட்டு எண்ணெய் தீர்ந்துபோய் இந்தம்மா யார் வீட்டிலேயோ கடன் வாங்கி வந்திருக்கான்னு நினைச்சிருக்காரு. முகம் சுளிச்சா அவ மனசு நோகும்னு தின்னுட்டாரு."

ஹமீதுன்னிசா சட்டென்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். நாலு நாளாகப் போலீசாருக்கு முன்னால் அழாதவள் அப்போது அழுதாள்.

சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு இருவரும் பங்களாவுக்கு விரைந்தார்கள். சமையலறை அலமாரியில் எண்ணெய்த் தகரம் இருந்தது. ஆலிவ் கிளைப் படம் போட்ட அழகான காகிதம் சுற்றியிருந்தது. ஞானவேல் மோந்து பார்த்துவிட்டு ஒதுங்கினான். காறலும் திரிக்கருகலும் கலந்த வாடை.

"மச்சான், எனக்கு ஒண்ணு தோணுது. ஸ்பெயின்ல சண்டை. கப்பல் வர்றதில்லைங்கிறாக. அப்போ இந்தத் தகரம் நீந்தியா வந்துச்சு?"

"நல்லாக் கேட்டே." சேனாதிபதி தகரத்தைத் திருப்பினார். மேல்தட்டில் புதிதாகக் குத்திய இரண்டு முக்கோண ஓட்டைகள். அலமாரியில் கிடந்த துரையின் கத்திமுனையை வைத்துப் பார்த்தார், சரியாகப் பொருந்தியது. அடித்தட்டில் காகிதம் மடித்து ஒட்டியிருந்தது. நகத்தால் உரித்தார். உள்ளே ஈயம் வைத்து அடைத்த இரண்டு இடங்கள். விளிம்பில் அதே முக்கோணம்.

ஞானவேல் வாயைப் பிளந்தான். "ஒரே கத்தி. தகரம் இந்த வீட்டுக்கு ரெண்டாந்தடவை வந்திருக்கு."

"தலைகீழா வந்திருக்கு. பழைய ஓட்டையை அடைச்சு, அடியை மேலாக்கியிருக்காங்க. தகரம் துரையோடதுதான். எண்ணெய்தான் அஹேனோ."

காலித் தகரங்களை ஹமீதுன்னிசா என்ன செய்வாள் என்று கேட்க அதிக தூரம் போகவேண்டியிருக்கவில்லை. பங்களாச் சரிவிலேயே பழைய சாமான் பொறுக்கும் பிச்சையம்மாள் கோணியோடு எதிரே வந்தாள்.

"எல்லா வீட்லயும் குப்பையில வீசுவாக சாமி. அந்த மகராசி மட்டும் சுடுதண்ணியில கழுவி, துடைச்சுக் கையில குடுப்பா. படம் கிழியாத தகரத்தைத் திருமலைச்சாமி கடைப் பின்வாசல்ல எடுத்துக்குவாக. அவளைப் போயி உள்ள வச்சிருக்காகளே, நாசமாப் போக."

சப் இன்ஸ்பெக்டர் முதலில் நம்பவில்லை. தகரத்தைப் பார்த்ததும் தொப்பியைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். ஸ்டேஷனைவிட்டு வெளியேற ஒரு காரணம் கிடைத்த சந்தோஷமும் அதில் இருந்திருக்கலாம்.

கடையில் கண்ணாடி அலமாரி பளபளத்தது. திருமலைச்சாமி கும்பிட்டு வரவேற்றார். சேனாதிபதி ஆலிவ் எண்ணெய் கேட்டார். கொடுத்த தகரத்தைக் கவிழ்த்துக் காகிதத்தை உரித்தார். முக்கோணம்.

பின்கட்டுக் கதவைக் கான்ஸ்டபிள் தள்ளித் திறந்தார். அந்த அறையைப் பற்றி எழுதக் கை கூசுகிறது. ஹோட்டல்களில் பொரித்து மிஞ்சிய கரிய எண்ணெய் ஒரு பீப்பாயில் நின்றது. மேலே கரப்பான்களும் ஈசலும் ஏடு கட்டியிருந்தன. பழைய பனியன் ஒன்று வடிகட்டியாகத் தொங்கியது. அதிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. மூலையில் ஒரு மூட்டை பிரமதண்டு விதை. தரிசில் முளைக்கும் முட்செடி. அதன் எண்ணெய் மஞ்சளாக, பார்வைக்கு நன்றாக இருக்கும். ஆளைக் கொல்லும். கீழே சுவரோரம் எலிப்புழுக்கை.

சப் இன்ஸ்பெக்டர் வெளியே ஓடினார். ஞானவேல் வெளுத்துப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"மச்சான். நான் தின்னது நாலு வடை."

"சேச்சே, அது இந்த எண்ணெய் இல்லை தம்பி," என்றார் திருமலைச்சாமி அவசரமாக. தன்னை யாரோ சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்ட மாதிரி அவருக்கு ரோசம் வந்துவிட்டது. "எங்க வீட்டுக்குக் கன்னிவாடிச் செக்குல ஆட்டின கடலெண்ணெய்தான். இதை நாங்க கையால தொடமாட்டோம்."

கான்ஸ்டபிள் திரும்பி அவரைப் பார்த்தார். பேசியதன் பொருள் பேசியவருக்கு அப்புறம்தான் எட்டியது.

"துரைமாருக்கு என்ன தெரியும்," என்று முனகினார். "அவுகளுக்கு இங்க எல்லாமே புதுசு. எது குடுத்தாலும் இந்த ஊர்ல இப்படித்தான்னு நினைச்சுக்குவாக. சாவாருன்னு நான் நினைக்கலை. செத்துட்டா கடையைத் தேடி வந்துருவாகளேன்னுதான் முந்திப் புகார் குடுத்தேன்."

"கஞ்சி கொண்டுபோனது?"

"கண்ணு முழிக்கிறாரான்னு பார்க்க."

பீப்பாயைக் கண்டு வராத குமட்டல் சேனாதிபதிக்கு அப்போது வந்தது. நெற்றி விபூதியைப் பார்த்தார். கும்பிட்ட கையைப் பார்த்தார். தன் வீட்டுக்கு ஒன்று, அடுத்தவன் வயிற்றுக்கு ஒன்று. துரையின் வார்த்தைகளில் இதற்கு எது பொருந்தும் என்று அவர் தேடவேண்டியிருக்கவில்லை. செத்த எலிக்கு வைத்த வார்த்தைதான். அதுகூட எலிக்கு அநியாயம்.

முருகா, என் மூஞ்சியை எதைக் கண்டு சுளிக்கணுமோ அதைக் கண்டு மட்டும் சுளிக்க வை என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டார்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தான். துரை கண் திறந்துவிட்டார், பிழைத்துக்கொள்வாராம். கண் திறந்ததும் வாயில் வந்தது சமையல்காரி பேர்தானாம். ஹமீதுன்னிசாவை அப்போதே விட்டார்கள். மேஜையிலிருந்த தடயத்தையும் சாக்கோடு திருப்பிக் கொடுத்துவிட்டு கான்ஸ்டபிள்கள் ஜன்னலையெல்லாம் திறந்துவைத்தார்கள்.

"நான் வெரசா ஆஸ்பத்திரிக்குப் போறேண்ணே. ராத்திரி அங்கதான். பால்கட்டியைக் காலையிலதான் பார்க்கணும். பாதி போயிருக்கும்," என்றாள். "இதை என் தம்பிகிட்ட குடுத்துவிட்டு பங்களாவுல வைக்கச் சொல்லலாம்னா, தொடமாட்டேங்கிறான்."

"பங்களாச் சாவி என்கிட்டத்தான் இருக்கு. நானே கொண்டுபோய் வச்சிடறேன் தாயி. சாவி ஜன்னல்ல பூச்செடித் தகரத்துக்கு அடியில இருக்கும். நீ கிளம்பு."

அவள் தலையில் முக்காட்டை இழுத்துக்கொண்டு போனாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு பஸ்ஸில், என்று தொடங்கியிருக்கலாம். சொன்னால் அவள்தான் கூச்சப்படுவாள்.

"மாப்ளே, நீ போய் நாளைக்குப் பஸ்ஸுக்கு இடம் சொல்லி வை. எனக்கு ஒரு சின்னச் சோலி இருக்கு."

"துப்பா?"

"துணி துவைக்கிற மாதிரி."

ஞானவேல் புரியாமல் தலையைச் சொறிந்துகொண்டு போனான்.

நிலவறையில் பலகைகளின் மேல் பால்கட்டிகள் வரிசையாக இருந்தன. நாலு நாள் நாற்றம் அப்படியே தேங்கி நின்றது. சேனாதிபதி சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அடுப்படியிலிருந்து உப்பை அள்ளி வந்து வாளித் தண்ணீரில் கரைத்தார். துணியை நனைத்துப் பிழிந்து, முதல் வட்டைக் கையில் எடுத்தார். விரல் வழுக்கியது. முகம் தன்னால் கோணியது.

நிறுத்தினார். முகத்தைச் சரிப்படுத்திக்கொண்டார். பிள்ளைக்குத் துடைத்து விடுகிற மாதிரி, என்று அவள் சொன்னது நினைவு வந்தது. மெல்லத் துடைத்தார், ஓரத்தைத் துடைத்தார், திருப்பி வைத்தார். இரண்டாவதுக்கும் முகம் கோணியது. நாலாவது ஐந்தாவதுக்கு அது தன்பாட்டில் அடங்கிவிட்டது. பூசணத்துக்கு அடியில், இளம் மஞ்சளாக, பழுத்த வாழைப்பழத் தோல் மாதிரி ஒரு நிறம் தெரிந்தது. சாக்கில் வந்ததையும் துடைத்து அதன் இடத்தில் வைத்தார்.

பலகையையும் துடைத்தார். அன்று அவள் பஸ் பலகையைத் துடைத்தாள் அல்லவா.

கையைக் கழுவி, சட்டையைப் போட்டுக்கொண்டு, கதவைப் பூட்டிச் சாவியை ஜன்னல் விளிம்பில் பூச்செடி வைத்திருந்த தகரத்துக்கு அடியில் வைத்தார். ஏரியில் மூடுபனி இறங்கியிருந்தது. பாதையில் யாரும் இல்லை.